கருப்பரை நாறவைத்த அடைக்கலனார்

மீன்பாசிக் குத்தகைக்காரர் தவமணிக்கு அடைக்கலனார் தரவேண்டியிருந்த கடன் பதினோராயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். வாங்கித் தின்ற கடன் இல்லை அது. மடையைத் திறந்ததால் வந்த கடன். அவருடைய பக்தியைச் சொல்லுமுன் கடனைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரார் அவர் பக்தியை அந்தக் கடனை வைத்துத்தான் எடை போட்டார்கள்.

நெடுவரங்குடிப் பெரிய கண்மாயின் மடையைத் திறந்து மூடுவது அவர் பிழைப்பு. மாதச் சம்பளம் கிடையாது. அறுப்புக்கு வயல்காரர்கள் அளக்கும் நெல்லும், மடையோரத்தில் கறிக்கு மீன் பிடித்துக்கொள்ளும் பாத்தியதையும்தான் கூலி. மீன்பாசி ஏலம், அதாவது கண்மாய் மீனைப் பிடித்து விற்கும் உரிமை, யார் கைக்குப் போனாலும் மடைக்காரனின் கறிமீனில் கைவைக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு.

மடையின் தலைமாட்டில் மடைக்கருப்பர் நிற்கிறார். இடுப்புயரக் கல். கூரை இல்லை, கதவு இல்லை. பூசையும் படையலும் குழந்தை வேளார் என்னும் பூசாரியின் பொறுப்பு. குளிப்பாட்டுவது மடைக்காரனின் பொறுப்பு. கருப்பர் தம் கண்மாய்த் தண்ணீரில்தான் குளிப்பார், பிறத்தித் தண்ணீர், அதாவது வேறிடத்துத் தண்ணீர், அவருக்கு ஆகாது. விடிந்ததும் அடைக்கலனார் மடையில் இறங்குவார். முதல் குடத்தைத் தம் தலையில் ஊற்றிக்கொள்வார். அடுத்த குடத்தைக் கருப்பர் தலையில் ஊற்றுவார். "குளிங்க ஐயா" என்பார். அவருக்குத் தெரிந்த மந்திரம் அந்த இரண்டு சொல்தான்.

மீன் பிடிப்பதிலும் அவருக்கு ஒரு நெறி இருந்தது. தூண்டில் போட மாட்டார், வலை கட்ட மாட்டார். ஊத்தா ஒன்றுதான். மூங்கில் சிம்பில் பின்னிய கூடை அது. அடி அகலமாக, மேல்வாய் குறுகலாக, இரண்டு பக்கமும் திறந்திருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து சடாரென்று கவிழ்த்தால், உள்ளே மீன் இருந்தால் சிம்பில் மோதும். அந்த அதிர்வு கைக்கு வரும். மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவிப் பிடிக்க வேண்டும்.

"தூண்டில் முள்ளுக்குக் கண்ணு இல்ல. கைக்கு இருக்கு" என்பார். கையில் அகப்பட்டது சினைமீன் என்று அதன் வயிறே சொல்லும். சொன்னால் விட்டுவிடுவார். குஞ்சுகளோடு நிற்கும் விராலுக்கு மேல் ஊத்தாவைத் தூக்கவே மாட்டார். விரால் குஞ்சுகள் குங்குமம் கொட்டினாற்போலக் கூட்டமாக மேலே வரும், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். அதற்காகவே தூண்டிலில் தவளையைக் கோத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் ஊரில் உண்டு. கையில் செல்போனும் வாயில் பாக்குமாக நின்று, பெற்ற மீனைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு, குஞ்சுகளைக் கொக்குக்கு விட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள்தான் அடைக்கலனாரைப் பார்த்து, "என்னய்யா, மீனுக்கும் விபூதி கொடுத்து அனுப்புறியா?" என்று சிரித்தவர்கள்.

தவமணி ஏலம் எடுத்த முதல் வருஷம் கடைமடை வயல்கள் கருகின. கதிர் வாங்கும் நேரம். மடையைத் திறக்கப் போகிறேன், மடைவாயில் வலை கட்டிக்கொள்ளுங்கள் என்று அடைக்கலனார் ஆள் அனுப்பினார். தவமணி கட்டவில்லை. அவர் விட்டிருந்த மீன்குஞ்சுகள் வாய்க்காலோடு வயலுக்குப் போய்ச் செத்தன. ஊர்க்கூட்டம் கூடியது. தண்ணீர் பாய்ந்து நெல் தப்பிய அதே வயல்காரர்கள் உட்கார்ந்து, குஞ்சுக்கு விலை போட்டு, அதை மடைக்காரன் தலையில் கட்டினார்கள். கருப்பர் கோயில் பாதைக்கு அலங்கார வளைவு கட்டித் தருவதாகத் தவமணி சொல்லியிருந்தார். வளைவா, அடைக்கலமா என்றால் ஊர் வளைவைத்தானே கேட்கும்!

அடைக்கலனார் கூட்டத்தைக் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். மறுநாள் குடத்தைத் தூக்கும்போது கருப்பரிடம் சொன்னார்: "கடன்னு சொல்லிட்டாக ஐயா. அப்ப கடன்தான். கழிச்சுப்புடுறேன்."

கழிக்கும் வழியையும் தவமணியே காட்டினார். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

அடுத்த வருஷம் அவர் கண்மாயில் ஆப்பிரிக்கக் கெளுத்தியை விட்டார். வளர்க்கக் கூடாதென்று அரசாங்கம் தடுத்த மீன். கறுத்த, வழவழத்த, மீசை வைத்த மீன். எதையும் தின்னும், எல்லாவற்றையும் தின்னும். அதற்குத் தீனி கோழிக்கடைக் கழிவு. டவுனிலிருந்து மினிலாரியில் நீல டிரம்களில் வரும். மூடியைத் திறந்தால் ஈ முதலில் எழும், நாற்றம் பிறகு எழும். குடல், தலை, கால், ரத்தக் கட்டி, நனைந்த இறகு எல்லாம் ஒன்றோடொன்று புளித்துக் கிடக்கும். மேலே நுரை தட்டியிருக்கும். அதைச் சட்டியால் அள்ளித் தண்ணீரில் வீச வேண்டும். வீசியதும் கண்மாய் கொதிப்பதுபோல் அந்த மீன்கள் புரளும். ஒன்றின் வாயில் இருப்பதை இன்னொன்று பிடுங்கும்.

அந்த வேலைதான் அடைக்கலனாருக்கு. கூலியைக் கடனில் கழித்துக்கொள்ளலாம் என்றார் தவமணி. கடன் பட்டவன் வேலையைப் பார்த்து மூக்கைப் பொத்தக் கூடாது என்று அடைக்கலனார் நினைத்தார். அள்ளினார். விரலிடுக்கில் புகுந்த நாற்றம் சீயக்காய் போட்டாலும் போகவில்லை. சோற்றைப் பிசைந்தால் சோறும் நாறியது.

அவர் மனைவி வள்ளிமயில் வாய்க்குப் பூட்டுப் போடாத அம்மாள். வாசலிலேயே மறித்தார்.

"அங்கேயே நில்லு. உள்ள வராத. காலையில சாமிக்கு ஊத்துற அதே கையாலதான் குடலையும் அள்ளுற. கருப்பருக்கு மூக்கு இல்லைன்னு நெனச்சியா?"

"கடன் தீரட்டும் வள்ளி."

"தீரும் தீரும். கேட்டுப் பாத்தியா எம்புட்டுத் தீந்துச்சுன்னு?"

கேட்டுப் பார்த்தார். தவமணி பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "நீ செஞ்ச வேலை வட்டிக்குச் சரியாப் போச்சுப்பா. அசல் அப்படியேதான் நிக்குது."

அவர் பல்லில் குத்தி எடுத்தது கடல்மீன். தொண்டியிலிருந்து ஐஸ்பெட்டியில் வரவழைத்துத் தின்பார். தாம் வளர்த்த மீனை அவர் வாயில் வைத்ததில்லை. ஊராரும் வைத்ததில்லை. "அது வெளியூருக்குப் போற சரக்கு" என்று சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல் இருக்கத் தவமணி வீட்டுக்கு வீடு கொடுத்த பணத்தை மட்டும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். வெளியூரில் அதைத் தின்னப்போகிறவனும் ஒரு பிள்ளைகுட்டிக்காரன்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காற்று ஊர்ப்பக்கம் திரும்பும் நாளில் சன்னலைச் சாத்துவார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய அருவருப்பு.

ஒருநாள் பொழுது சாயும் நேரம் அடைக்கலனார் ஊத்தாவோடு இறங்கினார். வெகுநாளாக விரால் கிடைக்கவில்லை. குரவை இல்லை, கெண்டை இல்லை. குங்குமம்போல் குஞ்சு மேலே வருவதே நின்றிருந்தது. கவிழ்த்த ஊத்தாவில் ஒன்று பலமாக மோதியது. கையை விட்டார். வழுக்கியது, குத்தியது. அந்தக் கெளுத்திதான். வீட்டில் வேறு கறி இல்லாததால் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வள்ளிமயில் அரிவாள்மனையில் வைத்து அதன் வயிற்றைக் கிழித்தார். நகத்தோடு ஒரு கோழிக்கால் வெளியே வந்தது. பின்னால் இறகுப் பந்து ஒன்று. அந்தப் பந்துக்குள், பாதி செரித்தும் செரியாமலும், சிவப்புச் சிவப்பாக விரால் குஞ்சுகள்.

"இந்தா பாரு. பகல்ல நீ அள்ளிப் போட்டது பொழுதுசாய நம்ம சட்டிக்கே வந்துருச்சு" என்றார் வள்ளிமயில். குரலில் கேலி இல்லை. மீனையும் சட்டியையும் அரிவாள்மனையையும் சேர்த்துத் தூக்கி முள்வேலிக்கு அப்பால் எறிந்தார்.

அடைக்கலனார் வேலியோரம் குனிந்து வாந்தியெடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு நேரே கருப்பரிடம் போனார். கல்லைத் தொட்டுப் பார்த்தார். பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தார். தம் கையின் அதே நாற்றம்.

"இத்தனை நாளா நீங்க குளிச்சது நான் கொட்டுனதுலயா ஐயா?" என்று கேட்டு அழுதார்.

மறுநாள் மினிலாரி வந்தபோது அவர் சட்டியைத் தொடவில்லை. கடனை வேறு வழியில் கழிக்கிறேன், இதை மட்டும் இனி அள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தவமணி வேறு ஆள் வைத்துக்கொண்டார். ஆனால் அடைக்கலனார் குடத்தை விடவில்லை. அங்கேதான் வம்பு முளைத்தது.

கோடை ஏற ஏறத் தண்ணீர் வற்றியது, நாற்றம் முற்றியது. பச்சையும் கறுப்புமாக, மேலே கொழுப்பு மிதக்கும் தண்ணீர். அதைத்தான் அவர் தினமும் தம் தலையிலும் ஊற்றிக்கொண்டார், கருப்பர் தலையிலும் ஊற்றினார். அவர் உடம்பெல்லாம் சொறி கண்டது. கருப்பர் மேனியில் பாசிபோல் ஒரு கறுப்புப் படிந்தது. ஈ மொய்த்தது. கும்பிட வந்தவர்கள் தள்ளி நின்று கும்பிட்டார்கள். பிறகு அதையும் நிறுத்தினார்கள். "நாத்தக் கருப்பர்" என்று பெயர் வைத்தவர்களும் உண்டு.

குழந்தை வேளார் தன்மையாகவே சொல்லிப் பார்த்தார்: "ஏப்பா அடைக்கலம், அந்தா மோட்டார் ஓடுது. ஒரு குடம் போர்த் தண்ணியைப் பிடிச்சு ஊத்திட்டுப் போயேன். யாரு பாக்கப் போறா?"

"அவரு பாப்பாருல்ல மாமா."

"சாமி நாறுதப்பா! எனக்குப் பூப்போடக் கை வரமாட்டேங்குது."

"சாமியா நாறுது? அவருக்கு அவரு தண்ணியக் கொடுக்கத்தான் எனக்கு உத்தரவு. நல்ல தண்ணியக் கொண்டாந்து ஊத்துனா, கண்மாய் நல்லாருக்குன்னு நான் அவருகிட்டப் பொய் சொன்ன மாதிரி ஆயிரும். அதை எப்படி மாமா செய்ய?"

வேளார் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

தவமணிக்கு வேறு கவலை. தண்ணீர் வற்றும் காலத்தில் நெடுவரங்குடியில் ஊர்மீன் நாள் வைப்பார்கள். கருப்பரைக் கும்பிட்டு, சாமி இறங்கி உத்தரவு கொடுத்தபின் ஊர்த்தலைவரான அம்பலகாரர் வெள்ளைத் துண்டை வீசுவார். உடனே சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் ஊத்தாவும் வலையுமாகக் கண்மாயில் பாயும். குத்தகைக்காரர் தம் சரக்கை முன்னமே வலைபோட்டு அரித்துக்கொள்வார். மிச்சம் சனத்துக்கு. வெளியூர்க்காரன் வந்து சாமியே நாறுவதைப் பார்த்தால் ஏன் என்று கேட்பான்.

தவமணி மடைக்கு வந்து, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசினார். "கண்மாய் நாறுனா அது கண்மாயோட போச்சு. சாமி நாறுனா ஊரு கேக்கும்ல? ஒண்ணு, குடத்தை என் ஆள்கிட்டக் கொடு. இல்ல, ஊர்மீன் நாளுக்குள்ள கடனைப் பைசா பாக்கியில்லாம வையி. ரெண்டும் முடியாதுன்னா மடையையும் குடிசையையும் விட்டுட்டு நடையைக் கட்டு."

"இந்தக் குடம் போயிருச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் இல்லையே முதலாளி."

"அப்ப பணத்தைக் கொண்டா."

அடைக்கலனார் கேட்காத வாசல் இல்லை. நாறுகிற மனிதனைத் திண்ணைக்குக்கூட ஏற்றாதவர்கள் பணமா கொடுப்பார்கள்? வள்ளிமயில் தம் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அது கால்வாசிக்கும் போதவில்லை. தவமணி அதைத் தொடாமல் திருப்பி அனுப்பினார். அவருக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை, குடம்தான் வேண்டியிருந்தது.

ஊர்மீன் நாள் வந்தது. தவமணி கருப்பரைக் கேன் தண்ணீரால் கழுவச் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் கேன் கேனாகக் கவிழ்த்துத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். சந்தனத்தை அப்பினார்கள். பன்னீரைப் பீய்ச்சினார்கள். கட்டுக்கட்டாக ஊதுபத்தி. கண்மாய் நாற்றமும் பன்னீர் வாசமும் கலந்து ஒரு வாடை எழுந்தது. நாற்றம் மட்டும் இருந்தபோதே பரவாயில்லை என்று ஆகிவிட்டது. சனம் கரைநெடுக ஊத்தாவைத் தோளில் மாட்டிக்கொண்டு, துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றது. நாறுகிறது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மீன் கிடைக்குமல்லவா!

உறுமி முழங்கியது. சாமி இறங்குவது குழந்தை வேளார் மேல்தான். அவர் கண்ணை மூடி நின்றார். உறுமிக்காரர் கைமாற்றிக் கைமாற்றி அடித்தார். வேளாருக்கு வேர்த்ததே தவிர ஒரு ரோமம் சிலிர்க்கவில்லை.

தவமணி அவர் காதோரம் போனார். "என்னய்யா இது, சும்மாவாச்சும் ஒரு ஆட்டம் ஆடித் தொலையேன்."

"பொய்ச்சாமி ஆடுனா ரத்தம் கக்கிச் சாவேன். எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு" என்றார் வேளார். பிறகு அம்பலகாரரைப் பார்த்து உரக்கவே சொன்னார்: "வரல. பிறத்தித் தண்ணியில குளிப்பாட்டிப்புட்டு வாவான்னா எப்படி வருவாரு?"

உத்தரவு இல்லாமல் வெள்ளை வீச முடியாது. வெயில் ஏறியது. சனம் முணுமுணுத்தது. மடைப்படியில் அடைக்கலனார் குடத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூட்டை முடிச்சோடு வள்ளிமயில். ஊரைவிட்டுப் போகத்தான் கட்டி வைத்திருந்தார்கள்.

"ஊத்துப்பா அடைக்கலம். வெயில் மண்டையைப் பொளக்குது" என்றார் அம்பலகாரர். பக்தியால் சொல்லவில்லை, நிற்க முடியாமல் சொன்னார்.

அடைக்கலனார் எழுந்தார். தவமணி குறுக்கே வந்தார். "கடனை வச்சுட்டுக் குடத்தைத் தொடு."

"கடன் இருக்கு, நான் இல்லைங்கல. அது உங்களுக்கும் எனக்கும். குளியல் அவருக்கும் எனக்கும். ரெண்டையும் ஒரே குடத்துல ஊத்தாதீக."

அடைக்கலனார் மடையில் இறங்கினார். முதல் குடம் தம் தலையில். நரைமுடியில் ஓர் ஈர இறகு ஒட்டிக்கொண்டது. சனம் அருவருத்து விலகி வழிவிட்டது. அடுத்த குடத்தைக் கருப்பர் தலையில் கவிழ்த்தார். சந்தனம் கரைந்து ஓடியது. மல்லிகை மாலையில் குடல் துண்டொன்று தொங்கியது. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓங்கரித்தார்கள்.

"குளிங்க ஐயா" என்றார் அடைக்கலனார்.

அந்தச் சொல் முடியுமுன் குழந்தை வேளார் அடியற்ற மரம்போல் விழுந்தார். எழுந்தபோது அவர் வேளார் இல்லை. ஒரே பாய்ச்சலில் கண்மாயில் இறங்கி, முழங்கால் சேற்றில் நின்று, இரண்டு கையாலும் அந்தக் கறுப்புச் சகதியை அள்ளிக்கொண்டு கரையேறினார். கூட்டம் பின்வாங்கியது.

"திருநீறுன்னா நெத்தியக் காட்டுவீகள்ல? காட்டுங்கடா! எந் தண்ணிடா இது. எம் மண்ணுடா!"

அம்பலகாரர் நெற்றியில் பூசினார். பணம் வாங்கினவர்கள் நெற்றியிலெல்லாம் தேடித் தேடிப் பூசினார். துடைக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. மூக்குக்கு மேலே அந்த நாற்றத்தை வைத்துக்கொண்டு, மூச்சுவிட்டால் அதுவே, விடாவிட்டாலும் அதுவே என்று நின்றார்கள். சன்னலைச் சாத்தியவர்களுக்கு அன்று சாத்தச் சன்னல் இல்லை.

தவமணி நழுவப் பார்த்தார். சாமி அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, சகதிக் கையை வாயருகே கொண்டுபோனது.

"நீ போட்ட சோறுதானடா. எனக்கு ஊட்டுனியே. நீ ஒரு வாய் தின்னு."

தவமணி தம் பட்டுவேட்டி மேலேயே வாந்தியெடுத்தார். சாமி சிரித்தது. பிறகு அம்பலகாரரைப் பார்த்துச் சொன்னது: "இந்த வருஷம் வெள்ளை கிடையாது. அந்த மீசைக்காரனை ஒண்ணு விடாம அள்ளிக் குழிவெட்டிப் புதை. சகதிய அள்ளு. மழை வந்து கழுவட்டும். அதுவரைக்கும் நான் இந்த நாத்தத்துலதான் நிப்பேன்."

சொல்லிவிட்டு அடைக்கலனார் பக்கம் திரும்பியது. அவர் குடத்தை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். சாமி கிட்டே வந்து, சொறி பிடித்த அந்த மார்பில் முகத்தை வைத்து, பிள்ளைத் தலையை முகர்வதுபோல் நெஞ்சார முகர்ந்தது.

"ஊரே பன்னீர்ல நாறுதடா. இவன் ஒருத்தன்தான் எம் வாசத்துல இருக்கான்."

வள்ளிமயில் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அழுதார்.

சாமி தவமணியைக் கேட்டது: "இவன் உனக்கு எம்புட்டுடா தரணும்?"

தவமணி வாயைத் துடைத்துக்கொண்டு தொகையைச் சொன்னார்.

"எங்கிட்ட வாங்கிக்க. கையை நீட்டு." சாமியின் இரண்டு கையும் சகதியால் நிறைந்திருந்தன.

தவமணி கையை நீட்டவில்லை. குனிந்து கரையில் கிடந்த ஒரு வைக்கோல் துரும்பை எடுத்தார். கருப்பர் முன்னால் துரும்பைக் கிள்ளிப் போட்டால் பற்று அறுந்தது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதை இரண்டாகக் கிள்ளிப் போட்டார்.

"விட்டுட்டேன் சாமி. முதலும் விட்டேன், வட்டியும் விட்டேன்."

கடன் அத்தோடு தள்ளுபடியானது. தண்ணீர் கெட்டபோது அதை ஆண்டவனிடம் மறைக்கத் தெரியாத அடைக்கலனாரின் வெள்ளை மனம் வாழ்க.